மோப்பம் பாஸ் கடலுக்குப் போன நாள்

திருகோணமலைத் துறைமுகம் எத்தனையோ பெரிய மூக்குகளைப் பார்த்திருக்கிறது. போர்த்துக்கேயன் மூக்கு, ஒல்லாந்தன் மூக்கு, வெள்ளைக்காரன் மூக்கு எல்லாம் வரிசையாக வந்து நுழைந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு உண்மையிலேயே உபகாரமாக இருந்த மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது அன்புவழிபுரத்திலிருந்து தினமும் காலை ஏழரைக்குச் சைக்கிளில் வந்து இறங்கும். அதற்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதரும் இறங்குவார்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் பக்கத்துக் கடைக்காரனாக இருந்தும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர் எல்லோரும் பாஸ்தான். மேசன் பாஸ், பெயின்ற் பாஸ் என்பது போல இவர் மோப்பம் பாஸ். வள்ளத்தின் பின்னால் தொங்குகிற எஞ்சின்களைத் திருத்துவது தொழில். கரையோரம் ஒரு வாகைமரம், அதன் கீழே நாலு தகரம், ஒரு மரக் கதிரை, தண்ணீர் நிரப்பிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. இதுதான் அவருடைய ஆஸ்பத்திரி. அதற்கு இடது கைப்பக்கம் என்னுடைய கடை. வலை, கயிறு, மிதவை, தூண்டில் விற்கிறேன். வியாபாரம் இல்லாத நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வியாபாரம் இல்லாமல் போனது என்று என் மனைவி சொல்வாள்.

மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினைக் கண்டதும் ஸ்பானரைத் தேடுவார்கள். மோப்பம் பாஸ் தேட மாட்டார். முதலில் எண்ணெய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, தாங்கியை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, வாயில் ஒரு விரலை வைத்து எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லி, கண்ணை மூடி மூன்று தரம் மூச்சை இழுப்பார். அந்த நேரத்தில் கரையில் காகம்கூடக் கத்தாது. பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார்.

"கிழமைக்கு மேல பழசு. கீழ ரெண்டு விரல் தண்ணி."

ஊற்றிப் பார்த்தால் தண்ணீர் சரியாக இரண்டு விரல் இருக்கும். குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூரில் யாராவது வெங்காயம் அரிந்தால் இவர் இங்கே தும்முவார் என்று கரையில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்புவதில்லை. கிண்ணியா வரைக்கும் என்றால் நம்புவேன்.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் வழக்கில் ஒரு நானா, வந்து எஞ்சின் இழுக்குதில்லை என்று முறையிட்டார். பாஸ் மூன்று மூச்சு இழுத்தார். நாலாவதையும் இழுத்தார். நாலாவது மூச்சு என்றால் விஷயம் பெரிது.

"நானா, இந்தத் தாங்கியில வேற என்ன கொண்டுபோனீங்கள்?"

"மண்ணெண்ணெயத் தவிர ஒண்டும் இல்ல பாஸ்."

"பொய் சொல்லாதேங்கோ. தேங்காயெண்ணெய். கலியாண வீடு ஒண்டுக்குக் கொண்டுபோயிருக்கிறியள்."

வந்தவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். "அல்லாஹ்வே! தங்கச்சிட கலியாணம். ரெண்டு வருசமாச்சு பாஸ். கழுவினதுதானே!"

"நீங்கள் கழுவினீங்கள். எஞ்சின் மறக்கேல்ல."

இன்னொரு தடவை, ஊரில் பெரிய மனிதர் ஒருவர் புதிய எஞ்சின் வாங்கிப் பூட்டியும் முழு வேகம் வரவில்லை என்று கோபமாக வந்தார். பாஸ் தாங்கியை மோந்தார். எஞ்சினைச் சுற்றி வந்தார். பிறகு ஈர மணலில் மல்லாந்து படுத்து, தலையை வள்ளத்தின் அடிப்பக்கம் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தார்.

"எஞ்சினுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல ஐயா. நீங்கள் வள்ளம் ஓட்டேல்ல. கடலுக்கடியில இருக்கிற கல்லைக் கட்டி இழுக்கிறியள்."

அடியைச் சுரண்டினோம். மூன்று கூடை ஒட்டுச்சிப்பி வந்தது. அடுத்த நாள் அந்த வள்ளம் போன வேகத்தில் பெரிய மனிதருடைய தொப்பி இன்னமும் கோணேசர் மலைப் பக்கம் பறந்துகொண்டிருக்கிறது என்று கேள்வி.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு குறை. அவர் வள்ளத்தில் ஏற மாட்டார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக வள்ள எஞ்சின் திருத்துகிறவர் ஒரு தடவைகூடக் கடலில் கால் வைத்ததில்லை. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து பீப்பாய் விளிம்பில் பூட்ட வேண்டும். பீப்பாய்த் தண்ணீருக்குள் அது ஓடும். எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரிகிற மான்கள், நிழலுக்குப் படுத்திருந்தவை, எழுந்து ஓடும். பாஸ் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கொண்டு போ" என்பார். கிண்ணியாவுக்குப் பாலம் போட்ட பிறகுதான் அவர் கிண்ணியாவையே பார்த்தார். அதற்கு முன்பு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி நாலு நிமிடம் தண்ணீரைக் கடக்க வேண்டும் என்பதால், அங்கே இருந்த சொந்தத் தமக்கை வீட்டுக்கும் போகவில்லை.

"ஏன் பாஸ் இந்தப் பயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமில்ல முதலாளி. எனக்கும் கடலுக்கும் ஒத்துவராது. பக்கத்தில படுத்தவர் திரும்பிப் படுத்தாலே எனக்குச் சத்தி வந்து திண்டதெல்லாம் வெளிய போகும். கடல் எந்த நேரமும் திரும்பித் திரும்பிப் படுக்குது."

இனி அன்சார் நானாவின் கதைக்கு வருகிறேன்.

நாட்டில் தட்டுப்பாடு வந்து எண்ணெய்க்கு வரிசையில் நின்று கால் வீங்கிய காலம் முடிந்து சில மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூதூரிலிருந்து அன்சார் நானா வந்து இறங்கினார். எந்த நேரமும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"பாஸ், என்ட எஞ்சின் பாதிப் பவர்தான் தருது. வெளிக்கிடக்குள்ள குதிர மாதிரிப் போகுது. கால் மணித்தியாலம் போனா கழுத மாதிரிப் படுக்குது. எல்லாரும் மீனக் குடுத்துட்டு, ஐஸ் லொறியும் போனதுக்குப் பிறகுதான் நான் கரைக்கு வாறன். மிச்ச மீன ஆரு வாங்குற?"

"எத்தின நாளா?"

"நாலஞ்சு மாசமா. மூதூர்ல மூணு பேருக்கிட்டக் காட்டினன். இனி ஏலாது பாஸ். கட்டார்ல வீட்டு டிரைவர் வேல வந்திரிக்கு. வெள்ளிக்கிழம ஒராள் வந்து வள்ளத்தையும் எஞ்சினையும் பார்க்கப் போறார். புடிச்சா குடுத்துட்டுப் போயிருவன். ஜெசீமாதான் அழுது அழுது, கடைசியா ஒருக்கா மோப்பம் பாஸுக்கிட்டக் காட்டுங்க எண்டு அனுப்பினா."

ஜெசீமா அவருடைய மனைவி. நான் கடையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அன்சார் நானா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே நிழல்தான் இருந்தது.

பாஸ் தாங்கியை மடியில் வைத்து மூடியைத் திறந்தார். மூன்று மூச்சு.

"நல்ல எண்ணெய். ஒரு பிழையும் இல்ல."

மூடியைப் போட்டு, எஞ்சினைப் பீப்பாயில் பூட்டி, கயிற்றை ஒரே இழுவை. எஞ்சின் பாடியது. மான்கள் ஓடின. "கொண்டு போங்கோ" என்றார் பாஸ். அன்சார் நானா போனார். குடாவின் நடுவில் எஞ்சின் படுத்தது. திங்கட்கிழமை திரும்பவும் வந்தார்.

திங்கட்கிழமை பாஸ் தாங்கியை மோந்துவிட்டு, பிளக் இரண்டையும் மாற்றி, காபரேட்டரைக் கழற்றி ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவிப் பூட்டினார். எஞ்சின் நேற்றையதைவிடச் சத்தமாகப் பாடியது. அன்சார் நானா போனார். நடுக்குடாவில் படுத்தது. செவ்வாய்க்கிழமை வந்தார்.

செவ்வாய்க்கிழமை தாங்கியை மோந்துவிட்டு, தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைக் கழற்றிப் பார்த்தார். வள்ளத்தின் அடியைப் பார்த்தார். கைப்பிடியைத் திருகினால் கம்பி முழுதாக இழுபடுகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. பீப்பாயில் எஞ்சின் போட்ட சத்தத்துக்கு என் கடையில் தொங்கிய மிதவைகள் ஒன்றோடொன்று முட்டின. புதன்கிழமை காலை அன்சார் நானா மறுபடியும் நின்றார்.

"பாஸ், இது உங்களுக்கு முன்னுக்கு ஓடுது, எனக்கு முன்னுக்குப் படுக்குது. என்ட மருமகன் மாதிரி. நாலு பேருக்கு முன்னுக்கு 'மாமா, மாமா' எண்டு வேல செய்வான். தனிய இரிந்தா தண்ணி அள்ளமாட்டான்."

கரையே சிரித்தது. பாஸ் சிரிக்கவில்லை. அதற்குள் கரையில் கதை பரவிவிட்டது. ஐஸ் உடைக்கிற செல்லையா அண்ணை வந்து, "என்ன பாஸ், மூக்கு அடைச்சுப்போச்சோ? தைலம் கொண்டரட்டோ?" என்று கேட்டார். பாஸ் தாங்கியை ஏழு தரம் மோந்தார். ஏழு மூச்சை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. எஞ்சின் வழக்கம் போலப் பாடியது. அன்சார் நானா "கொண்டு போங்கோ" என்ற வார்த்தைக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. சலாம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது திரும்பி, "பரவாயில்ல பாஸ். நீங்களும் பார்த்தீங்கதானே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பாஸை அடித்தது.

அன்றைக்குப் பின்னேரம் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவர் திறக்கவே இல்லை. ஒரு மான் வந்து திறந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

"முதலாளி," என்றார் கடைசியில், "அது கடலுக்க மட்டும்தான் படுக்குது. அப்ப வருத்தம் கடலுக்கதான் இருக்கு. நாளைக்கு நான் வள்ளத்தில ஏறப்போறன்."

நான் கையில் இருந்த கயிற்றுச் சுருளைக் கீழே போட்டேன்.

வியாழக்கிழமை காலை, ஏதோ கப்பல் வருகிறது என்பது போலக் கரையில் கூட்டம். அன்சார் நானாவோடு ஜெசீமாவும் வந்திருந்தார். பயணத்துக்குப் பெட்டி வாங்க வேண்டுமாம். கையில் ஒரு பெட்டியும் இல்லாமல் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்து வள்ளத்தின் நடுப்பலகையில் இருந்தார். கரைக்கு வந்ததும் எண்ணெய் நிரப்பிய தாங்கி அவருடைய காலடியில் இருந்தது.

பாஸ் வந்த கோலத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, இடது கையில் சத்தி வராமலிருக்க ஒரு எலுமிச்சைத் தேசிக்காய், மூக்கையும் வாயையும் சேர்த்துத் தைலம் பூசிய துவாய்க் கட்டு. என் கடைக்குள் நுழைந்து, தொங்கியதிலேயே பெரிய செம்மஞ்சள் மிதவையைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்களும் வாறியள் முதலாளி."

"நான் ஏன் பாஸ்?"

"நான் விழுந்தா ஆரும் பாஞ்சு தூக்கோணும். உங்களுக்கு நீந்தத் தெரியும். அதோட மிதவை உங்கட."

வள்ளத்தில் ஏற அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது. ஒரு காலை வைப்பார், வள்ளம் அசையும், காலை எடுப்பார். செல்லையா அண்ணை கரையிலிருந்து, "பாஸ், இன்னும் கொஞ்சம் பிந்தினா குடா வத்திப்போகும். நடந்தே போகலாம்!" என்று கத்தினார். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் தூக்கித்தான் வைத்தோம். எஞ்சின் ஓடத் தொடங்கியது. கரை கைதட்டியது. பாஸ் கண்ணை மூடியவர், திறக்கவில்லை.

பத்து நிமிடம் வள்ளம் பறந்தது. பாஸுடைய முகம் முதலில் வெளிறியது, பிறகு பச்சையானது. பச்சைக்குப் பிறகு என்ன நிறம் வருமென்று நான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது எஞ்சினின் குரல் இறங்கியது. உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தவரின் கழுத்தை யாரோ பிடித்தது போல ஒரு முனகல். வள்ளத்தின் மூக்குத் தாழ்ந்தது. வேகம் பாதியானது.

"இந்தா படுத்துட்டு," என்றார் அன்சார் நானா. குரலில் கோபம் இல்லை.

பாஸ் சடாரென்று கண்ணைத் திறந்தார். "இதுவோ? இந்தச் சத்தமோ?" புதையல் கண்டவர் போல முகம் மலர்ந்தது. "நிப்பாட்டாதேங்கோ! முனகட்டும்! வடிவா முனகட்டும்!"

மிதவையை என்னிடம் தள்ளிவிட்டு, நாலு காலில் தவழ்ந்து எஞ்சினை நோக்கிப் போனார். பாதி வழியில் மூச்சு முட்டவே துவாய்க் கட்டை அவிழ்த்தார். நேரே முன்னால், ஜெசீமாவின் காலடியில் தாங்கி. சாகப் போகிற நேரத்திலும் இருபத்தைந்து வருடப் பழக்கம் விடுமா? மோந்து பார்க்க மூடியைத் திறந்தார்.

தாங்கி ஒரு பெருமூச்சு விட்டது. "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக. உள்வாங்கி ஒட்டிப்போயிருந்த அதன் இரண்டு பக்கமும், பொக்கைவாய்க் கன்னத்தில் காற்று நிரப்பியது போல "டுப், டுப்" என்று வெளியே வந்தன. அடுத்த நிமிடம் எஞ்சின் அலறியது. வள்ளம் பாய்ந்த பாய்ச்சலில் நான் மிதவையோடு மல்லாந்து விழுந்தேன். பாஸ் தாங்கியைக் கட்டிப்பிடித்தபடி என்மேல் விழுந்தார்.

"வேகத்தக் குறையுங்கோ!" என்று நான் கத்தினேன்.

"குறையாதேங்கோ!" என்று அவர் கத்தினார்.

படுத்த படியே அவர் மூடியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அது தளர்ந்திருந்தால்தான் தாங்கிக்குள் காற்றுப் போகும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். அதை ஒருவரும் தொடுவதில்லை. எல்லா வள்ளத்திலும் வாங்கிய நாள் முதல் அது பாதி தளர்ந்தபடியே கிடக்கும். இந்தக் கரை அப்படி ஒரு திருகு இருப்பதையே மறந்துவிட்டிருந்தது. பாஸ் உட்பட.

"இதை ஆர் இறுக்கினது?" என்றார். "விரலால இறுக்கினதில்ல. குறடு பட்டிருக்கு."

அன்சார் நானா பாஸைப் பார்த்தார். பாஸ் என்னைப் பார்த்தார். ஜெசீமா கடலைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் கடைசியில். சத்தம் எஞ்சினுக்கு மேலாக மெல்லத்தான் கேட்டது. "மூணு நாள் வரிசையில நிண்டு எடுத்த எண்ணெய் அண்ணன். இவர் கால் வீங்கி வந்து படுத்தாரு. அதுக்குப் பிறகு தாங்கிய ஒவ்வொரு நாளும் ஊட்டுக்குக் கொண்டுவந்து குசினிக்குள்ள, நான் சோறாக்குற இடத்திலதான் வைக்கிறம். அந்த ஓட்டையால மணம் வருதே, மணம் வந்தா எண்ணெய் போகுது எண்டுதானே அர்த்தம்? ஒரு சொட்டும் வீணாப் போகக் கூடாதெண்டு குறட்டால நல்லா இறுக்கி அனுப்புறன். ஒவ்வொரு நாளும்."

அன்சார் நானா எஞ்சினை நிறுத்தினார். குடாவின் நடுவில் திடீரென்று அமைதி. அலை மட்டும் வள்ளத்தில் தட்டியது.

"அப்ப புள்ள," என்றார் அவர், "என்னக் கட்டாருக்கு அனுப்பப் பார்த்தது நீதானா?"

ஜெசீமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. அன்சார் நானாவும் சிரிக்கத் தொடங்கினார். நாலு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்.

பாஸ் மட்டும் தாங்கியை மடியில் வைத்தபடி யோசனையில் இருந்தார். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டுப் போட்டுக்கொண்டார்.

"நாலு நாளும் நான் மோக்கிறதுக்கு மூடியத் திறந்தனான். திறந்தவுடன காத்து உள்ள போச்சுது. காத்து உள்ள போனவுடன எஞ்சின் சுகமாச்சுது. வருத்தத்தை நானே மாத்திப்போட்டு, வருத்தம் எங்க எண்டு தேடியிருக்கிறன்! முதலாளி, இந்த மூக்கை அறுத்து மீனுக்குப் போட்டாலென்ன?"

"அதே மூக்குத்தான் இப்பவும் மூடியத் திறந்தது பாஸ்," என்றேன்.

அவர் மூக்கைத் தடவிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு மிகுந்த மனநிறைவோடு வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துச் சத்தி எடுத்தார்.

திரும்பக் கரைக்குப் போவதா என்று கேட்டதற்கு, "மூதூருக்கு விடுங்கோ. முழு வேகத்தில விடுங்கோ" என்றார். முழு வேகத்தில் விட்டார் அன்சார் நானா. மூதூரில் ஜெசீமா வைத்த இறால் குழம்பில் பாஸ் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். தட்டை மோந்துவிட்டு, "புளி கொஞ்சம் பழசு" என்று சொல்லவும் தவறவில்லை. வெள்ளிக்கிழமை வள்ளம் பார்க்க வந்தவருக்குத் தேத்தண்ணி கிடைத்தது, வள்ளம் கிடைக்கவில்லை.

சாப்பிட்டு முடிய அன்சார் நானா சொன்னார், "வாங்க பாஸ், அரை மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுறன்."

பாஸ் எழுந்து சாரத்தை உதறினார். "பஸ் எத்தினைக்கு?"

நாங்கள் இருவரும் கிண்ணியாப் பாலத்தைச் சுற்றி, புழுதி குடித்துக்கொண்டு பஸ்ஸில்தான் வந்தோம். இருக்கையின் நடுவே மிதவை. அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கொண்டக்டர் கேட்டார். பாஸ் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் எகிறியது. அது எதுவும் அவருக்குச் சத்தியை வரவைக்கவில்லை.

அந்தத் திருகுக்கு இன்றைக்கு எங்கள் கரையில் பெயர் ஜெசீமா. "ஜெசீமாவைத் திறந்தியா?" என்று கேட்காமல் ஒருவரும் வள்ளம் தள்ளுவதில்லை. கேள்விப்பட்டு ஜெசீமா முதலில் கோபித்தார். இப்போது, "என்ட பேரச் சொல்லாம இந்தக் குடாவில ஒரு எஞ்சினும் ஓடாது" என்று பெருமை பேசுகிறாராம்.

மோப்பம் பாஸ் போன வருடம் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். அங்கே கடல் இல்லை, அதனால் நிம்மதியாக இருக்கிறேன் என்கிறார். மருமகனுடைய மோட்டார் சைக்கிள் தாங்கியை வாரம் ஒருமுறை மோந்து, அவன் எங்கெங்கே போய் வந்தான் என்று மகளுக்குச் சொல்வதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு டெலிபோன் எடுப்பார். வணக்கமும் இல்லை, சுகமும் இல்லை. முதல் கேள்வியே, "முதலாளி, ஜெசீமா திறந்திருக்கோ?"

கடையில் அந்தச் செம்மஞ்சள் மிதவை இன்னமும் தொங்குகிறது. போன கிழமையும் ஒருவர் விலை கேட்டார். அது ஒருவருக்கு எடுத்து வைத்தது என்றேன். அவர் மறுபடியும் கடலுக்குப் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், ஒருவேளை வந்து நின்றால், கட்டிப்பிடிக்க ஏதாவது இருக்க வேண்டுமே.